அவுக நின்னுட்டாக

எனக்கு வயது எண்பத்து நாலு. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். பெற்றது ஐந்து; ஆறாவது என் அக்காள் மகள், அவளையும் சேர்த்துத்தான் எண்ணுவேன். ஆறு பேரில் ஒருவர்கூட இதுவரை என்னைப் பார்த்து "உனக்கு என்ன தெரியும்" என்று கேட்டதில்லை. கேட்க விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள்தான். ஆனாலும் பால் காய்ச்சுவதிலிருந்து பத்திரம் பதிவதுவரை எங்கள் வீட்டில் என்னைக் கேட்காமல் ஒரு காரியம் நடந்ததில்லை.

அப்படிப்பட்ட நான் ஒரு மோட்டாரைக் கொன்றிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது பிழைத்திருக்கும். அந்த வார்த்தை எனக்குத் தெரியாமல் இல்லை. பேசத் தொடங்கிய குழந்தைக்குக்கூடத் தெரிந்த வார்த்தை. எனக்கு மட்டும் அதைச் சொல்ல அனுமதி இல்லை.

வருஷம் அறுபத்து மூன்றோ நாலோ, சரியாக நினைவில்லை. மூத்தவள் பிறந்திருக்கவில்லை, அது நினைவிருக்கிறது. கொடைக்கானல் ஏரியில் அப்போது எல்லாம் துடுப்புப் படகுகள். பாசி அள்ளுவதற்கும், சீசனுக்கு வந்து துடுப்புப் போடத் தெரியாமல் நடு ஏரியில் சுற்றிக்கொண்டு நிற்கிறவர்களைக் கரைக்கு இழுத்து வருவதற்கும் ஒரே ஒரு மோட்டார் வாங்கினார்கள். அதை ஓட்டுகிற ஆள் என் வீட்டுக்காரர்.

இந்த மோட்டார் படகுக்குள் இருக்கிற மோட்டார் இல்லை. படகின் பின் பலகையில் மாட்டுவது. சோலி முடிந்ததும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். மேலே பூசணிக்காய் மாதிரி ஒரு தலை. கீழே கொக்குக்கு இருப்பது மாதிரி நீளமாக ஒற்றைக் கால். காலடியில் ஒரு விசிறி. அது சுற்றினால் படகு போகும்.

லாரிக்கு முன்னால் தண்ணீர் ஊற்றுவார்கள் இல்லையா, அந்த ஏற்பாடு இதற்குக் கிடையாது. ஏரித் தண்ணீரையே காலில் இருக்கிற சின்னச் சல்லடை வழியாக உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் தண்ணீர் மேலே ஏறி, தலையைச் சுற்றி ஓடிச் சூட்டைத் தணித்துவிட்டு, பின்பக்கம் சுண்டுவிரல் அளவு ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். அது வருகிறவரைக்கும் மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. நின்றுபோனால் ஒரு வெற்றிலை மடிக்கிற நேரத்துக்குள் மோட்டாரை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தலை காய்ந்து, உள்ளே இரும்போடு இரும்பு ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான், காரியம் முடிந்தது.

அதனால் தினமும் சோதிப்பார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தார்ப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, மரச்சட்டத்தில் மோட்டாரை மாட்டி, கால் தண்ணீருக்குள் முங்கும்படி வைத்துக் கிளப்புவார். கைப்பிடி முன்பக்கம், ஓட்டை பின்பக்கம். ஆரம்பத்தில் அவரே கைப்பிடியைத் திருகிவிட்டு, ஓடிப்போய் ஓட்டையைப் பார்த்துவிட்டு, மறுபடி ஓடிவந்து திருகுவார். கோயிலைச் சுற்றுகிற மாதிரி இருக்கும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள், "நீங்க திருகுங்க, நான் பாக்கேன்" என்று ஓட்டைப் பக்கம் போய் நின்றுவிட்டேன்.

அதிலிருந்து அது என் பொறுப்பு. (நானாக எடுத்துக்கொண்ட பொறுப்புதான். இருந்தாலும் பொறுப்பு பொறுப்புதானே.) சன்னமாக வந்தால் சல்லடையில் பாசி. விட்டுவிட்டு வந்தால் உள்ளே இருக்கிற ரப்பர் சக்கரம் தேய்ந்துவிட்டது. கையில் பிடித்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்; சுட்டால் ஆகாது. சல்லடையில் பாசி சிக்கினால் என் கொண்டை ஊசியால்தான் எடுப்போம். இத்தனையும் மூன்றாம் வகுப்புக்காரிக்கு அத்துபடி. அந்த ஏரிக்கரையில் இது தெரிந்த பெண் நான் ஒருத்திதான் என்று எனக்கு உள்ளூர ஒரு மிதப்பு.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் பெயர் தண்ணீர்மலை.

முருகன் பெயர். நல்ல பெயர். ஆனால் அந்தக் காலத்தில் கட்டியவன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது. சொன்னால் அவன் ஆயுசு குறையும். பெயரை மட்டும் இல்லை, பெயருக்குள் இருக்கிற வார்த்தையையும் சொல்லக் கூடாது. ஆறுமுகத்தைக் கட்டியவள் முகம் கழுவுவதை வேறு எப்படியாவது சொல்லிச் சமாளித்துவிடுவாள். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மலை மேல், ஏரிக்கரையில் குடியிருந்துகொண்டு, மலை என்றும் சொல்லக் கூடாது, தண்ணீர் என்றும் சொல்லக் கூடாது.

கல்யாணமான புதிதில், அவர் ஊரான பூம்பாறையில், வெள்ளைப்பூண்டு வயலில் நின்று தெரியாத்தனமாக "தண்ணி வேணும்" என்று கேட்டுவிட்டேன். என் மாமியார் வரப்பில் அப்படியே நின்றார்.

"தாலி ஏறி முப்பது நாள் ஆகலை. அதுக்குள்ள எம்மகன் பேரை வயக்காட்டுல ஏலம் போடுறா பாரு," என்றார். அன்று சாயந்திரம்வரை எனக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு பாஷையை மாற்றிக்கொண்டேன். மலைக்கு மேடு. குடிக்கிற தண்ணீருக்குக் குடிக்கிறது. வெந்நீருக்குச் சுடுறது. மழை வேறு மலை வேறுதான், ஆனால் எங்கள் பேச்சில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கேட்கும் என்பதால் அதற்கும் பயந்து "பெய்யுது" என்று மட்டும் சொல்லிவைத்தேன். ஏரியிலும் பீப்பாயிலும் இருக்கிற தண்ணீருக்கு மட்டும் தனி மரியாதை. அதற்குப் பெயர் அவுக.

என் வீட்டுக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. காலையில் மோட்டாரைக் கிளப்பிவிட்டு, வேண்டுமென்றே சத்தமாகக் கேட்பார்.

"தண்ணி வருதா?"

"வந்துட்டாக."

"நல்லா வர்றாகளா?"

"நல்லா வர்றாக. நேத்தைக்கு இன்னிக்குக் கொஞ்சம் மெலிஞ்சிருக்காக."

"சோறு ஒழுங்காப் போட்டா ஏன் மெலியுறாக?"

இப்படி எங்களுக்குள் ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு குறைதான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமாகியும் அவர் தற்காலிகம். நிரந்தரமானால் ஏரிக்கரையில் நாங்கள் இருந்த அந்தத் தகரக் கூரை வீடு எங்களோடு நிற்கும். ஆகாவிட்டால் பூம்பாறைக்குத் திரும்பிப்போய், அவர் அண்ணன் வீட்டில் பூண்டு மூட்டைக்கு நடுவே பாய் விரிக்க வேண்டியதுதான். நான் அந்த வீட்டிலிருந்து கிளம்பி வரும்போது, ஓரகத்தியிடம் "இனிமே இந்தப் பக்கம் படுக்க வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள். அந்த வாய்தான் எனக்கு எப்போதும் எதிரி.

மார்கழி மாதத்தில் மதுரையிலிருந்து ஒரு இஞ்சினியர் வரப்போவதாகச் செய்தி வந்தது. மோட்டாரைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், அவர் சரி என்று எழுதிவிட்டால் நிரந்தரம். பூம்பாறையிலிருந்து மாமியாரும் வந்துவிட்டார், மகன் நிரந்தரமாவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று. வரும்போதே உரிப்பதற்கு அரை மூட்டைப் பூண்டு.

பதினோரு மணிக்கு வருவார் என்று சொல்லியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் வெள்ளனே எழுந்து, இஞ்சினியர் கண்ணில் படுகிற பக்கமெல்லாம் பாசியை அள்ளி ஏரியைத் துடைத்துவைத்தார். ஒன்பது மணிக்கு மோட்டாரைத் தூக்கிவந்து சட்டத்தில் மாட்டினார். சல்லடையில் பாசி, கிழவன் தாடி மாதிரி தொங்கியது.

"ஊசியைக் கொண்டா," என்றார். நான் கொண்டையிலிருந்து ஊசியை உருவினேன். அப்போது வாசலில் ஜீப் வந்து நின்றது.

இஞ்சினியர் ஒல்லியான மனிதர். குளிருக்குப் பயந்து, குரங்குக் குல்லாயைக் காது மூடப் போட்டு, அதற்கு மேல் மப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். காதுக்குள் பஞ்சு வேறு. முகத்தில் மூக்கு மட்டும்தான் வெளியே இருந்தது. அதுவும் சிவந்திருந்தது.

"நீதான் மோட்டார் ஆளா? ஓட்டிக் காட்டு," என்றார். பெயர் கேட்கவில்லை. அவர் கையிலிருந்த காகிதத்திலும் "மோட்டார் படகு ஆள், தற்காலிகம்" என்றுதான் இருந்ததாம். பெயர் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"ஓட்டலாங்க," என்றார் என் வீட்டுக்காரர். "பெட்ரோல் தகரம் படகுலேயே கெடக்கு. வெரசாப் போய் எடுத்தாந்துர்றேன். வந்து பாசியை எடுத்துட்டுத்தான் கிளப்பணுங்க."

இஞ்சினியர் தலையை ஆட்டினார். பஞ்சு, குல்லாய், மப்ளர் மூன்றையும் தாண்டி அவருக்கு என்ன கேட்டதோ தெரியாது. தலையை ஆட்டினார். இவர் ஓடினார். படகுத்துறை ஏரி வளைவுக்கு அந்தப்பக்கம். போய்வரப் பத்து நிமிஷம் ஆகும்.

இரண்டு நிமிஷம் இஞ்சினியர் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு மோட்டார்த் தலையில் இருந்த மூடியைத் திருகிப் பார்த்தார். "இருக்கே பெட்ரோல்," என்றார். மோட்டாரைக் கிளப்புகிற கயிற்றைச் சுற்றினார். என்னைப் பார்த்தார்.

"இந்தாம்மா, இப்படி வா. இந்தச் சட்டம் ஆடுது. ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சுக்கோ. பின்னால ஒரு ஓட்டை இருக்கு, தெரியுதா?"

"தெரியுங்க."

"அதுல தண்ணி வருதா, வரலையான்னு சொல்லிக்கிட்டே இரு. நின்னா உடனே சொல்லணும். சொல்லுவியா?"

பாசி எடுக்கவில்லை என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மதுரையிலிருந்து வந்த ஒரு இஞ்சினியர், ஜீப்பில் வந்தவர், என்னை ஒரு ஆளாக மதித்து ஒரு சோலி கொடுக்கிறார். கிடைத்த சோலியைப் பாசியைச் சொல்லிக் கெடுத்துக்கொள்வேனா? ஊசியை உள்ளங்கையில் ஒளித்துக்கொண்டு சட்டத்தைப் பிடித்தேன்.

"சொல்லுவேங்க," என்றேன்.

கயிற்றை இழுத்தார். மூன்றாம் இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது. சத்தம் ஏரிக்கு அந்தப்பக்கம் போய் இடித்துத் திரும்பி வந்தது.

"தண்ணி வருதா?" என்று கத்தினார்.

நான் முழு மரியாதையோடு பதில் சொன்னேன். "வந்துட்டாகங்க."

அவர் திரும்பிப் பாதையைப் பார்த்தார். யாரும் இல்லை. "எங்க?"

என் இரண்டு கையும் சட்டத்தில். தாடையால் ஓட்டையைக் காட்டினேன். அவர் என் தாடை போன திசையில் வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு, "சரி, வரட்டும்," என்றார்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சன்னமானது. பாசி இழுபட்டுச் சல்லடையில் போய் அப்புகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"மெலிஞ்சுட்டாகங்க," என்று கத்தினேன்.

"யாரு?"

"அவுக."

"உடம்பு சரியில்லையா?"

இதற்கு நான் என்ன சொல்வது? "ஆமாங்க" என்றேன். மோட்டாருக்கு உடம்பு சரியில்லைதானே.

பிறகு ஓட்டையிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தது. மூன்றாவது சொட்டு விளிம்பில் தொங்கியபடி நின்றது. விழவில்லை.

"நின்னுட்டாக," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "அவுக நின்னுட்டாகங்க."

"நடுவழியில எதுக்கு நிக்கிறான்? வரச் சொல்லு."

"அவுக வரலைங்க. வரவே இல்லைங்க."

"வராட்டிப் போறான். அவன் எதுக்கு, நானே பார்த்துக்கறேன்," என்று சொல்லிக் கைப்பிடியை இன்னும் ஒரு திருகு திருகினார்.

மோட்டாரின் சத்தம் மாறியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தொண்டை காய்ந்தவன் பேசுகிற மாதிரி ஒரு கரகரப்பு. எண்ணெய் விடாமல் தோசைக்கல் காய்ந்தால் வருகிற வாடையும் வர ஆரம்பித்தது. கையை விட்டால் சட்டம் சாய்ந்து மோட்டார் என் காலில் விழும். என்னிடம் மிச்சமிருந்தது ஒரு வார்த்தைதான் என்று அதைச் சொன்னேன்.

"குடிக்கிறது வரலைங்க."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா. காப்பியெல்லாம் குடிச்சிட்டுத்தான் வந்தேன்."

"இல்லைங்க. குடிக்கிறது நின்னுபோச்சு. நல்லாத்தான் இருந்தாக, இப்பத்தான் நின்னுபோச்சு."

இஞ்சினியர் முகம் மாறியது. மூக்கு மட்டும் தெரிந்தாலும் மாறியது தெரிந்தது. அது மதுவிலக்குக் காலம். குடிக்கிறான் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போலீஸ்வரை போய்விடும்.

"ஓ, குடிக்கிற ஆளா? இப்பத்தான் நிறுத்தினானா?" என்றார். கைப்பிடியை அப்படியே விட்டுவிட்டு, கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

ஒரு பக்கம் மோட்டார் வேகிறது. மறுபக்கம், வெற்றிலைகூடப் போடாத மனுஷன் நோட்டில் குடிகாரனாகிறார். அவர் நிரந்தரம், எங்கள் வீடு, ஓரகத்தியிடம் நான் விட்ட வாய்ச்சொல், எல்லாம் அந்தப் பென்சில் நுனியில் இருந்தது. தண்ணி நின்னுபோச்சு. இரண்டே வார்த்தை. சொன்னால் அவர் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் அவர் பிழைப்பு போகும். அடுப்படியில் மாமியார் பூண்டு உரிக்கிற சரசரப்பு அந்தச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது, அல்லது கேட்ட மாதிரி இருந்தது. சாமி, கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அதிகம் குறைத்துவிடாதே என்று வேண்டிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

அளவோடு "தண்ணி" என்று மட்டும் சொல்லி நிறுத்தத்தான் நினைத்தேன். நாலு வருஷமாக அடைத்துவைத்த வாய், திறந்தபோது மடை உடைந்த மாதிரி உடைந்துவிட்டது.

"தண்ணீர்மலை," என்று அலறினேன். "தண்ணீர்மலை. ஐயோ, தண்ணீர்மலை."

இஞ்சினியர் நோட்டை மூடினார். சாமி பெயர் என்று நினைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மோட்டார் "கடக்" என்றது. நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரேயடியாக அமைதியானது. மோட்டார்த் தலையில் இருந்த பச்சை வண்ணம் அப்பளம் மாதிரிப் பொங்கிப் பொங்கி அமுங்கியது. அடுப்படியில் முறம் கவிழ்கிற சத்தம் கேட்டது.

முதலில் வந்து சேர்ந்தவர் என் வீட்டுக்காரர். ஏரி வளைவில் வந்துகொண்டிருந்தபோது, பெண்டாட்டி வாயால் தன் பெயரை முதல் முதலாகக் கேட்டவர், நான் சாகிறேன் என்று முடிவுகட்டி, பெட்ரோல் தகரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. புகைகிற மோட்டாரை அவர் பார்க்கவே இல்லை.

"உனக்கு என்னாச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றேன். "அதுக்குத்தான்."

இரண்டாவதாக என் மாமியார் வந்தார். தலைமுடியெல்லாம் பூண்டுத் தோல்.

"யாருடி எம்மகன் பேரைச் சொன்னது?"

"நாந்தான் அத்தை."

"எத்தனை தடவை?"

"மூணு."

விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இஞ்சினியர் குல்லாயைக் கழற்றினார். பஞ்சை எடுத்தார். இதைப் பத்து நிமிஷம் முன்னால் செய்திருக்கலாம். "என்னய்யா இது," என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். "தண்ணி நின்னா சொல்லச் சொன்னேன். உன் சம்சாரம் ஒரு வார்த்தை சொல்லலை. நீ வந்துட்டேன்னுது, நின்னுட்டேன்னுது, மெலிஞ்சுட்டேன்னுது. கடைசியில நீ குடிக்கிற ஆளுங்குது."

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "என்ன சொன்னே? வரிசையாச் சொல்லு."

வரிசையாகச் சொன்னேன். வந்துட்டாக. மெலிஞ்சுட்டாக. நின்னுட்டாக. குடிக்கிறது வரலை. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை ஆட்டினார். பிறகு இஞ்சினியரிடம் சொன்னார்.

"எம்பேரு தண்ணீர்மலைங்க. அவ எம்பேரைச் சொல்ல மாட்டா. அதனால தண்ணின்னும் சொல்ல மாட்டா."

இஞ்சினியர் மோட்டாரைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார். "மலைன்னு?"

"சொல்ல மாட்டேங்க."

"அப்ப நாம இப்ப நிக்கிற இடத்தை என்னன்னு சொல்லுவே?"

"மேடுங்க."

கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் அவர் உட்கார்ந்தார். சிரிக்கவில்லை. நாங்களும் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் யாராவது ஒருவர் சிரித்திருந்தால் காரியம் வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று பிற்பாடு பலதடவை நினைத்திருக்கிறேன்.

கடைசியில் நோட்டைத் திறந்தார். "குடி விஷயத்தை அடிச்சிடறேன். மோட்டார் போனதுக்கு ஒரு காரணம் எழுதியாகணும். ஒண்ணும் தெரியாத பொம்பளைய நிறுத்திட்டு நீ போயிட்டே, அது உன் கவனக்குறைவுன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடு. மன்னிச்சதா நானும் எழுதிடறேன். நிரந்தரத்துக்குக் குறுக்கே வராது."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். போட்டுவிடுங்கள் என்று கண்ணால் சொன்னேன். ஒரு கையெழுத்துத்தானே. வீடு நிற்கும்.

அவர் பென்சிலை வாங்கினார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஒண்ணும் தெரியாதவ இல்லீங்க," என்றார். "வந்ததையும் மெலிஞ்சதையும் நின்னதையும் அந்தந்த நேரத்துக்குச் சொல்லியிருக்கா. நான் நின்னிருந்தா அணைச்சிருப்பேன். தெரியாதவன்னு என்னால எழுத முடியாதுங்க."

இஞ்சினியர் தாமே ஏதோ எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

நிரந்தரம் வரவில்லை. மோட்டாரை லாரியில் போட்டு மலைக்குக் கீழே அனுப்பினார்கள். வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். மூன்று வருஷம் பூம்பாறையில், பூண்டு மூட்டைக்கு நடுவேதான் பாய் விரித்தேன். அவர் தினமும் பஸ்ஸில் வந்து துடுப்புப் படகு தள்ளிவிட்டுப் போவார். என் மூத்தவளும் இரண்டாமவனும் அந்தப் பூண்டு வாடையில்தான் பிறந்தார்கள். ஓரகத்தி ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அவள் பேசாமல் பாயைத் தட்டிப் போட்டதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. மூன்று வருஷம் கழித்து வேறொரு அதிகாரி வந்தார். அவர் ஆளின் பெயரைக் கேட்டார். நிரந்தரமாக்கினார்.

நாங்கள் திரும்பிப் போனபோது படகுத்துறையில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. "மோட்டாரைச் சோதிக்கையில் தண்ணீர் வந்தால் வலக்கையைத் தூக்கவும். நின்றால் இரு கைகளையும் தூக்கவும். வாயால் சொல்லக் கூடாது." ஏன் என்று அதில் எழுதவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்டால், என் வீட்டுக்காரர் மட்டும் ஏரியைப் பார்த்தபடி, "அது பெரிய இடத்து உத்தரவு," என்பார்.

ஆயுசு விஷயத்தை என் மாமியார் சும்மா விடவில்லை. தை மாதம் எங்கள் இரண்டு பேரையும் பழனிக்குக் கூட்டிப்போய், மகனுக்கு மொட்டை போட்டார். படியேறும்போது நடுவில் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. "அத்தை, குடிக்கிறது," என்றேன். செம்பை நீட்டினார்.

"தண்ணின்னே சொல்லு," என்றார். "முழுசா மூணு தடவை சொல்லிட்டே. இனிமே அரையும் காலுமாச் சொல்லி என்ன குறையப் போவுது? முழுப் பேரை மட்டும் எடுத்தே, நான் சும்மா இருக்க மாட்டேன்."

அன்றிலிருந்து தண்ணி என்று சொல்வேன். மலை என்றும் சொல்வேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னதில்லை.

பாசி விஷயத்தைப் பதினோரு வருஷம் மறைத்து வைத்திருந்தேன். ஒருநாள் பாரம் தாங்காமல், "அன்னிக்குப் பாசி எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். சோலி போயிருமேன்னு சொல்லாம விட்டுட்டேன்," என்றேன்.

"தெரியும்," என்றார். "கொண்டை ஊசி உன் கையிலதானே இருந்துச்சு. அழுத்திப் பிடிச்சு உள்ளங்கையில ரத்தமே வந்திருந்துச்சு."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போடலை?"

"தெரியாதவன்னுதானே எழுதச் சொன்னாரு. தெரிஞ்சவ, சொல்லாம விட்டவன்னு எழுதச் சொல்லியிருந்தா போட்டிருப்பேன்."

எண்பத்திரண்டு வயதுவரை இருந்தார். காரியத்தன்று என் நாத்தனார் எல்லோர் முன்னாலும் கணக்குப் போட்டாள். "எண்ணி மூணு தடவை சொன்னா. தடவைக்கு ஆறு வருசம். இல்லாட்டி எங்க அண்ணன் நூறு இருந்திருக்கும்." அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். பிறகு தனியாக உட்கார்ந்து, அந்தக் கணக்கு சரியாக இருக்குமோ என்று ஒருதரம் யோசித்தேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருக் குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் விடுகிறார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் வருகிறது என்று சொல்வதில்லை. முதலில் பார்க்கிறவர்கள், "தாத்தா வந்துட்டாக, குடத்தை எடு," என்பார்கள். சன்னமாக வந்தால் தாத்தா மெலிஞ்சுட்டாக. போன வருஷம் கல்யாணமாகி வந்த பேரன் பெண்டாட்டி, திருச்சிக்காரப் பெண், முதல் தடவை கேட்டதும் பயந்து உள்ளே ஓடிவிட்டாள். இப்போது அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்கிறாள்.

இதை எழுதி முடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினேன். அவுக பெயரை எத்தனை இடத்தில் எழுதினேன் என்று எண்ணவில்லை. கையால் எழுதினால் என்ன ஆகும் என்று என் மாமியார் எதுவும் சொல்லி வைக்கவில்லை. வாயால் சொன்னது அந்த மூன்று தடவைதான். இனிமேலும் சொல்ல மாட்டேன்.

ஏத்தா செல்வி, அந்தப் போனைக் கீழே வச்சுட்டு இங்கிட்டு வா. இதை முதல்ல இருந்து வாசி. வெரசா வாசிக்காதே. உங்க தாத்தா பேரு வர்ற இடத்துல மட்டும் நல்லா வாயைத் தொறந்து, சத்தமா வாசி. எனக்குக் கேக்கணும்.